கழித்துப்போட்ட மஞ்சள்

பிப்ரவரி 11

உனக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். 'அன்புள்ள நாத்தனாருக்கு' என்று எழுத எனக்கு இப்போது உரிமை கிடையாது. உன் அண்ணனும் நானும் பிரிந்தபோது, உங்கள் வீட்டு ஆட்களோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். ஆகவே வெறும் 'உனக்கு'.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நான் எடுத்த பன்னிரண்டு படங்கள் உனக்கு நினைவிருக்கும். நீ எங்களோடு தங்கிக் கல்லூரிக்குப் போன காலம். குளியலறையைப் படம் கழுவும் இருட்டறை ஆக்கிவிட்டேன் என்று தலையில் எண்ணெயோடு கதவைத் தட்டி அழுவாய். அந்தப் படங்களை ஒரு கலைக்கல்லூரிக் காட்சியகம் வாங்கி வைத்திருந்தது. போன மாதம் அவர்கள் கிடங்கில் குழாய் உடைந்து ஒரு படம் நனைந்து உரிந்துவிட்டது. நீலக் கதவுக்கு முன்னால் ஒரு பெண் வெள்ளைப் படுக்கைவிரிப்பை உதறுவாளே, அதேதான். பன்னிரண்டும் இருந்தால் நிரந்தரமாக ஓர் அறை தருவார்களாம். ஒன்று குறைந்தால் பதினொன்றையும் மூட்டை கட்டிக் கிடங்கில் போட்டுவிட்டு வேறு ஒருவரின் படங்களை மாட்டுவார்களாம். ஜூன் முதல் வாரம் வரை கெடு.

"ஸ்லைடைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி பிரின்ட் போட்டுக் குடுங்களேன் மேடம்" என்கிறார் காப்பாளர். கொடுக்கலாம். மற்ற பதினொன்றுக்கும் நடுவில் பொய்ப்பல் மாதிரி தெரியும்.

ஸ்லைடு ஃபிலிமிலிருந்து நேராக வண்ணத்தாளில் போடுவேனே, அந்த முறைக்கான தாளும் மருந்தும் கடையில் நின்றுபோய் எத்தனையோ வருடமாகிறது. தாள் கொஞ்சம் என் ஃபிரிட்ஜில் இருக்கிறது, காய்கறிக்குக் கீழே. மருந்துதான் இல்லை. வீட்டிலேயே கலக்க முடியும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் வேதியியல் படித்து உருப்பட்டவள் நீ ஒருத்திதான்.

முடியாது என்றால் ஒரு வரி போதும். போன் செய்யாதே. போனில் பேசினால் நாம் சண்டை போடுவோம்.

- இருட்டறைக்காரி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணி என்று எழுதாதே என்பீர்கள். அண்ணன் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், அவர் என்னைவிடச் சின்னவர். அண்ணி என்கிற நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. வந்து உட்காரச் சொல்லவில்லை. இருக்கிறது என்று தகவல் சொல்கிறேன்.

கலக்கலாம். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க உப்பும் குளோரினும் பார்த்து எனக்கு வாய் கசந்துவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்றே பழைய புத்தகங்களைத் தூசி தட்டிவிட்டேன்.

எனக்குப் புரிந்தது சரியா பாருங்கள். மற்றத் தாள்களில் மருந்தில் படம் வெளிப்படும்போதுதான் நிறம் உருவாகும். இந்தத் தாளில் மஞ்சள், மெஜந்தா, சயான் மூன்று சாயமும் பிறக்கும்போதே நிறைந்திருக்கின்றன. முதல் கரைசல் வெளிச்சம் பட்ட இடத்தை அடையாளம் காட்டுகிறது. இரண்டாவதான அமிலக் கரைசல் அந்த இடத்துச் சாயத்தைத் தின்கிறது. மூன்றாவது கழுவி நிலைக்க வைக்கிறது. அதாவது நீங்கள் படம் போடுவதில்லை, இருப்பதில் வேண்டாததைக் கழிக்கிறீர்கள். உங்கள் சுபாவத்துக்கு ஏற்ற முறைதான்.

குறிப்பு தனித்தாளில். முதலுக்கும் மூன்றாவதுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கான மருந்தே போதும். இரண்டாவதுக்கான அமிலத்தூள், குழாயில் உப்புப் படிவு நீக்க விற்கிறார்களே, அதே சரக்கு. தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். தீர்ந்த கரைசலைச் சலவை சோடா போட்டு நுரை அடங்கிய பிறகுதான் சாக்கடையில் விட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வீட்டிலும் குழாய் உடையும். கையுறை, ஜன்னல், கண்ணாடி. சிரிக்காதீர்கள், உங்களைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

பட்டையாக வெட்டிச் சோதனை செய்து தபாலில் அனுப்புங்கள். போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திக்கொள்ளும்.

*

மார்ச் 2

உனக்கு,

உன் குறிப்பின்படி கலந்தேன். கையுறை போட்டேன். ஜன்னலைத் திறந்தேன். வந்தது இணைப்பில். இதில் பெண் எங்கே, கதவு எங்கே என்று நீயே கண்டுபிடித்துச் சொல். அடுப்புக்கரியைத் தபாலில் அனுப்பியிருந்தால் செலவு குறைந்திருக்கும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ 'தாள் பழசு' என்று எழுதப்போகிறாய், ஃபிரிட்ஜில் இருந்தது கெடாது. தாள் பழசில்லை.

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

தாள் பழசில்லை. கூடமும் கோணல் இல்லை. ஆடியவள்தான் ஒரு அடியை விட்டுவிட்டாள்.

அமிலம் மட்டும் இருந்தால் சாயத்தைத் தின்னாது. சாப்பாட்டை எடுத்துப் பரிமாற ஒரு ஆள் வேண்டும். வினையூக்கி என்று ஒன்று, சிட்டிகை அளவு போதும். புத்தகத்தில் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தார்கள், நான் அடிக்குறிப்பைப் படிக்கவில்லை. சாய ஆலையில் வேலை செய்யும் தோழியிடம் கெஞ்சி ஒரு சின்னக் குப்பி வாங்கினேன். "எதுக்குடி இது, யாரையாவது கொல்லப்போறியா?" என்றாள். "அண்ணி ஒரு கதவுக்கு நீலம் அடிக்கணும்கிறாங்க" என்றேன்.

குப்பி பார்சலில் வருகிறது. பஞ்சு சுற்றியிருக்கிறேன்.

*

மார்ச் 19

உனக்கு,

வந்துவிட்டது.

தாளை மருந்தில் உருட்டும் உருளையைத் திறந்து விளக்கைப் போட்டபோது அந்தப் பெண் கையில் விரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கியது உண்மை. உன் அமில நெடி என்று வைத்துக்கொள்.

ஆனால் எல்லாம் மஞ்சள். வெள்ளை விரிப்பு பழைய செய்தித்தாள் போல. கதவு சாம்பலும் பச்சையுமாக ஏதோ ஒன்று. படத்தைத் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில், விளக்குக்கு முன்னால் உள்ள மஞ்சள் ஃபில்டரைக் குறைத்துக் குறைத்து நாலாவது தடவையில் பிடித்தேன். அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். மற்ற மூன்றும் குப்பை. ஸ்லைடைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்றால் ஸ்லைடே பழுப்பேறிக் கிடக்கிறது. நல்ல வேளை, அந்தக் கதவு என்ன நீலம் என்று எனக்கு மனப்பாடம்.

பல்புகூட இப்போது ஒழுங்காக வருவதில்லை. மேசைக்கு மூன்று மாற்றிவிட்டேன், எல்லாம் மங்கல். போன வாரம் கறுப்புக் காலுறை என்று வாங்கி வந்தேன். ஒரு கால் கறுப்பு, ஒரு கால் கருநீலம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிச் சிரிக்கிறாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். எல்லாத் தொழிலிலும் இதே கதிதான்.

உன் குறிப்பு சரி. சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன்.

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

மனசு நிறைந்தது. அந்தப் பெண்ணின் முழங்கையில் நீர்த்துளிகூடத் தெரிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். படம் நீலமாக இருக்கிறது. கதவு மட்டும் இல்லை, விரிப்பும் அவள் கையும். மொத்தப் படத்தையும் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி. உங்கள் ரசனையில் நான் தலையிடக் கூடாது, ஆனால் நான் அனுப்பச் சொன்னதே இதற்குத்தானே.

தப்பு என் பக்கம் என்று நினைக்கிறேன். கரைசல் மஞ்சள் சாயத்தை மட்டும் அளவுக்கு மீறித் தின்கிறது போலிருக்கிறது. அமிலத்தின் வீரியத்தைக் குறைத்து மாற்றியிருக்கிறேன், புதுக் குறிப்பு இத்துடன். இதை வைத்துச் செய்தால் சரியாக இருக்கும்.

*

ஏப்ரல் 4

உனக்கு,

உன் புதுக் குறிப்பு இருந்ததையும் கெடுத்துவிட்டது. முன்பு செய்தித்தாள் என்றால் இப்போது மாட்டுத்தோல். மஞ்சள் ஃபில்டரைக் குறைத்துப் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று, அதற்குக் கீழே திருக இடமில்லை. மற்ற இரண்டையும் ஏற்றி ஒரு வழியாக நீலத்துக்கு இழுத்தேன். தாள் பெட்டியின் மேல் ஆலைக்காரன் அச்சடித்த ஃபில்டர் அளவு எங்கேயோ இருக்கிறது, நான் எங்கேயோ இருக்கிறேன்.

இதையும் நீ நீலம் என்பாய். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உனக்கு வந்திருப்பது என்ன காமாலையோ, கண்டதெல்லாம் நீலம்.

தாள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. காட்சியகத்திலிருந்து வாரம் ஒரு முறை போன். நான் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்கிறேன், பொறுத்துக்கொள். உங்கள் வீட்டு ஆட்கள் எல்லாவற்றையும் பாதி செய்வீர்கள். நன்றாகத் தொடங்குவீர்கள். அப்புறம் உங்களுக்கு வேறு வேலை வந்துவிடும்.

*

ஏப்ரல் 11

அண்ணி,

இனி ஒரு தாளைக்கூடத் தொடாதீர்கள். நீங்கள் மஞ்சள் என்று கழித்துப்போட்டவை எல்லாவற்றையும் எனக்கு அனுப்புங்கள். குப்பையில் இருந்தால் பொறுக்கி அனுப்புங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஃபில்டர் அளவு எழுதியிருப்பீர்கள்தானே?

காரணம் பிறகு எழுதுகிறேன்.

*

ஏப்ரல் 17

குப்பை கேட்டாய். கசங்கிய குப்பையாகவே அனுப்பியிருக்கிறேன். பின்னால் மார்க்கரில் அளவு இருக்கிறது. நான் பாதி வேலை செய்கிறவள் இல்லை.

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நான் மூன்று நாளாக எழுதுகிறேன். ஆபீஸில் நான் எழுதும் அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டாது. 'இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுதியற்றது', கீழே கையெழுத்து, முடிந்தது. கிணற்றுக்கு மனசு நோகாது.

நீங்கள் அனுப்பிய எல்லாவற்றையும் ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில், சோதனைக்கூட மேசையில் பரப்பினேன். நல்லவை, கழித்தவை என்று பிரிக்காமல் சீட்டுக்கட்டு போலக் கலந்து. மகளைக் கூடத்துக்கு வரவழைத்து, "இதுல எது இயற்கையா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். ஒன்றை எடுத்தாள். உடன் வேலை பார்ப்பவரைக் கேட்டேன், அவரும் அதையே எடுத்தார். நீங்கள் பிடித்துவிட்டேன் என்று எழுதிய படத்தைக் காட்டி, "இது என்னங்க, நிலா வெளிச்சத்துல எடுத்ததா?" என்றார். கூடத்தைக் கூட்டித் துடைக்க வரும் அம்மா யாரும் கேட்காமலேயே அதே படத்தைத் தொட்டு, "இந்தத் துணிதாம்மா வெள்ளையா இருக்கு" என்றார்.

எல்லோரும் எடுத்தது நீங்கள் முதன்முதலில் கழித்தது. பழைய செய்தித்தாள் என்று எழுதினீர்களே, அது. என் கண்ணிலும் அது வெள்ளைதான். பின்னால் எழுதியிருக்கும் ஃபில்டர் அளவு, பெட்டியின் மேல் அச்சடித்தது என்று நீங்கள் சொன்ன அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பாருங்கள்.

கரைசலில் தவறில்லை. வினையூக்கி சேர்த்த முதல் குறிப்பு சரியாகத்தான் இருந்தது. நான்தான் அதைப் போய்க் கெடுத்தேன். நான் நீலத்தைக் குறைக்க மருந்தை மாற்றுகிறேன், நீங்கள் நீலத்தைக் கூட்ட ஃபில்டரைத் திருகுகிறீர்கள். ஒரே வண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மாடும் அந்தப் பக்கம் ஒரு மாடும் கட்டி ஓட்டியிருக்கிறோம்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் நீங்கள் காமாலை என்று கோபத்தில் எழுதிய வரியில் நான் நின்றுவிட்டேன். மங்கலான பல்பு, பழுப்பேறிய ஸ்லைடு, கருநீலக் காலுறை, எல்லாம் வரிசையாக வந்தன. வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளாகும். மெல்ல என்பதால் யாருக்கும் தெரியாது. அது முதலில் குறைப்பது நீலத்தைத்தான்.

உங்கள் கண்தான் உங்கள் பிழைப்பு, உங்கள் பெயர் எல்லாம். அதைப் பற்றி இப்படி எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். தயவுசெய்து கண் மருத்துவரைப் பாருங்கள்.

*

மே 14

அண்ணி,

பதில் இல்லை. கோபம் என்றால் அதையாவது எழுதுங்கள். உங்கள் கோபத்துக்கு நான் புதியவள் இல்லை, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வளர்ந்தவள்.

நான் வேண்டுமானால் வரட்டுமா?

*

மே 24

உனக்கு,

வராதே. வீடு முழுக்க அமில நெடி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் செய்த காரியம், அதைக் கிழித்தது. இரண்டாவது, ஒட்டவைத்தது. பத்து நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அண்ணனுக்கு ஏற்ற தங்கை, என்னிடமிருந்து எதையாவது பிடுங்காமல் உங்களுக்குத் தூக்கம் வராது என்று. பிறகு ஒரு நாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தேன். பட்டப்பகல், மேகமில்லை. அந்த நிறத்துக்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போனேன்.

சின்னப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமாம்மா இப்படி?" என்றாள்.

"எப்படி?" என்றேன்.

"ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. தேன் கலர்ல இருக்கு லென்ஸ். நீங்க என்ன வேலை பண்றீங்க?"

கலர் பிரின்ட் போடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டுக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று எத்தனை பேருக்கு இதே கண்ணோடு நிறம் திருத்திக் கொடுத்திருப்பேன்? ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. பெரிய ஆள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. நீ ஒருத்திதான் நீலம் என்றாய், அதுவும் உன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு.

ஆபரேஷன் ஜூன் கடைசியில். அதற்குள் காட்சியகத்துக் கெடு முடிந்துவிடும். தவணை கேட்டு, ஆபரேஷன் முடிந்த பிறகு படத்தைப் போடலாமா என்றும் யோசித்தேன். மருத்துவரிடம் சுற்றிவளைத்துக் கேட்டதில், "ஆபரேஷன் ஆனதும் கொஞ்ச மாசம் எல்லாம் ரொம்ப நீலமா தெரியும்மா, பயப்படாதீங்க, போகப்போகப் பழகிடும்" என்றாள். ஆக, இந்தக் கண்ணையும் நம்ப முடியாது, வரப்போகும் கண்ணையும் கொஞ்ச நாளைக்கு நம்ப முடியாது.

நேற்று உன் பழைய குறிப்பின்படி புதிதாகக் கலந்தேன். பெட்டியின் மேல் இருக்கும் அளவைப் பார்த்தேன். நீ சொன்னது சரி, நான் கழித்த முதல் படத்தின் அளவும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த அளவையே வைத்தேன். தாள் இரண்டே இரண்டுதான் மிச்சம். ஒன்றைப் போட்டேன்.

காய்ந்த பிறகு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். விரிப்பில் யாரோ தேநீரைக் கொட்டிவிட்டுத் துடைத்த மாதிரி இருந்தது. கதவு செத்துப்போயிருந்தது. என் கை தானாக எழுந்து ஃபில்டர் திருகு வரைக்கும் போய்விட்டது. இந்த முப்பது வருடத்தில் எனக்குச் சரியென்று படாத ஒரு படமும் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. இன்னொரு தாள் இருக்கிறது, உனக்கு அனுப்பிக் கேட்க நேரமில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை. இதே அளவில் போட்டதை நீ பார்த்துவிட்டாய், அது போதும் என்று இருந்தது. திருகிலிருந்து கையை எடுத்தேன். மிச்சத் தாள் ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது.

இன்று காலை காட்சியகத்திலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அது இன்னமும் மஞ்சள்தான். பின்னால் என் பெயரைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.